ஒரு பை குறைந்த ஞாயிறு

“…அவையளை நான்தான் படகு பாக்க அனுப்பினன், இன்னும் எத்தினையோ மட்ச் கிடக்குது, ஒவ்வொண்டுக்கும் வந்து குந்தியிருக்கத் தேவையில்லை எண்டு. அப்ப, என்ரை பை உங்கடை லிஸ்டிலை இருக்கோ அண்ணை, இல்லையோ?”

கேட்டவர் நாற்பது வயது பேஸ்போல் வீரர், அமெரிக்கர். கேட்கப்பட்டவன் நான். இடம், லண்டனில் ஒரு மைதானத்தின் உடைமாற்றும் அறை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. என் இரண்டு கையிலும் துவாய்க் கூடை. லிஸ்ட் என் சட்டைப் பொக்கற்றில். அதில் அவருடைய பை இல்லை.

பதில் சொல்ல எனக்கு அன்றைக்கு ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. இப்போது கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்கிறேன். ஓய்வு பெற்றவனுக்கு இந்த ஒரு வசதியாவது இருக்கட்டும்.

லண்டன் விளையாட்டுக் கழகங்களில் உடுப்பு அறைக்கும் சலவைக்கும் மசாஜ் மேசைக்கும் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, ஆர்ச்வே முருகன் கோயில் வாசலில் உங்களில் மூன்று பேர் என்னை மறித்து, “உங்கடை அனுபவத்தை எழுதித் தாங்கோ அங்கிள்” என்றீர்கள். தமிழில் எழுதினால் வாசிப்பீர்களா என்று கேட்டேன். “ஸ்லோவா வாசிப்பம்” என்றீர்கள். நல்லது. எனக்கும் வேகமாக எழுத வராது.

எந்தச் சூட்டில் எந்த உடுப்பைத் தோய்ப்பது என்பதெல்லாம் இதில் இல்லை. அதைச் சட்டைக் கழுத்தில் தைத்திருக்கும் துண்டே சொல்லும். நான் ஆங்கிலம் வாசிக்கப் பழகியதே அந்தத் துண்டுகளில்தான். குரோய்டனில் விசா வரிசையில் நின்ற நாட்களில் எனக்குத் தெரிந்த ஆங்கிலம் ‘யெஸ் சேர்’ மட்டும். பிறகு ஒரு கிரிக்கெட் கழகத்தில் துப்புரவு வேலை கிடைத்தது. அங்கிருந்து வீரர்களின் உடைமாற்றும் அறைக்குப் போனேன். இருபத்தாறு வருடம் அங்கேயே நின்றுவிட்டேன். கழகத்தின் பெயர் வேண்டாம். ஆட்களின் பெயரும் வேண்டாம். அழுக்கு உடுப்பைப் பார்த்தவன் பெயர் சொல்லக் கூடாது.

இது நான் கண்டுபிடித்த ஞானமில்லை. என்னை வேலை பழக்கிய ஆங்கிலேயப் பெரியவர் சொன்னது. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே அறை முழுக்கத் தேடுகிற மனிதர். முதல் நாளே சலவை இயந்திரத்தின் வட்டக் கதவைத் தட்டிக் காட்டிச் சொன்னார்:

“இந்த அறையிலை வாய் திறக்கிற உரிமை இதுக்கு மட்டும்தான்.”

அவர் பேசியது ஆங்கிலம். இந்தக் கதையில் வருகிற முக்கால்வாசிப் பேர் பேசியதும் ஆங்கிலம்தான். ஆனால் என் காதுக்குள் விழும்போது அது எங்கள் தமிழாகிவிடும். விழுந்தபடியே எழுதுகிறேன்.

பெரியவரின் வசனத்தை நான் வேதமாக எடுத்துக்கொண்டேன். பாதி வேதம்தான் விளங்கியிருக்கிறது என்பது பல வருடம் கழித்துத் தெரிந்தது. அந்தப் பிழையை முதலில் சொல்கிறேன். அது தெரியாவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமை விளங்காது.

எங்கள் கழகத்தில் ஒவ்வொரு வீரருக்கும் சுவரில் ஒரு கொக்கி, கொக்கிக்கு மேல் பெயர்ப்பலகை. அடுத்த வருடத்துப் பலகைகள் பருவம் முடிகிற நேரத்தில் ஒரு பெட்டியில் என்னிடம் வந்துவிடும். யாருக்கு ஒப்பந்தம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று வீரருக்குக் கடிதம் போவதற்கு முன்னமே அந்தப் பெட்டி சொல்லிவிடும். ஒரு வருடம் பெட்டியைத் திறந்தேன். ஒரு வேகப்பந்து வீச்சாளரின் பலகை இல்லை. பன்னிரண்டு வருடம் அதே கொக்கியில் தொங்கிய சட்டை.

பருவத்தின் கடைசி ஆட்டம், கடைசி நாள். அவர் குதிக்காலில் பட்டி சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். “பேர்ப்பலகையள் வந்திட்டுதாமே. என்ரை பேரிலை எழுத்துப் பிழை ஏதும் விட்டிருக்கினமோ?”

நான் பேசாமல் இருந்திருக்கலாம். அவர் சிரிக்கிறார், நாமும் ஒரு நல்ல வார்த்தை சொல்வோமே என்று வாய் முந்திவிட்டது.

“ஒரு பிழையும் இல்லை.”

அன்று மத்தியானம் குதிக்கால் வலித்திருக்கிறது. ஆட்டம் முடிய ஒரு மணித்தியாலம் இருக்கும்போதே உள்ளே வந்துவிட்டார். “அடுத்த வருசத்துக்குக் கொஞ்சம் மிச்சம் வைப்பம்” என்று சப்பாத்தைக் கழற்றினார். அடுத்த கிழமை கடிதம் போனது. அதற்கடுத்த கிழமை சாமான்களை எடுக்க வந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு துவாய் மடித்தேன்.

“கோபமில்லை,” என்றார். “நீர் நல்ல மனுசன். ஆனால் ஒண்டு சொல்லுறன். அண்டைக்குக் கடைசி எண்டு தெரிஞ்சிருந்தால், குதிக்கால் இல்லாட்டி முழங்காலிலை எண்டாலும் நிண்டிருப்பன்.”

அதற்குப் பிறகுதான் பெரியவரின் மற்றப் பாதி எனக்கு விளங்கியது. வாயைத் திறக்காதே என்றால் சொல்லக் கூடாததைச் சொல்லாதே என்று மட்டும் அர்த்தமில்லை. இல்லாததையும் சொல்லாதே. மௌனம் ஒரு மனிதனுக்குச் சந்தேகத்தையாவது விட்டுவைக்கும். ஆறுதல் பொய் அதையும் பிடுங்கிவிடும்.

இனிப் பேஸ்போலுக்கு வருகிறேன்.

நான் ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தபோது, அமெரிக்காவிலிருந்து இரண்டு அணிகள் லண்டனுக்கு வந்து சனியும் ஞாயிறும் இரண்டு ஆட்டம் ஆடின. அவர்கள் நாட்டு ஆட்டத்தை இந்த நாட்டுக்குக் காட்டுவதற்காம். கால்பந்து ஆடுகிற இடத்தில் செயற்கைப் புல்லை விரித்து, ஒரு பக்கமாகப் பந்தெறிபவர் நிற்க மண்மேடு கட்டினார்கள். ஓர் அணியின் உடைமாற்றும் அறைக்கு உள்ளூர் ஆட்கள் இருவர் தேவைப்பட்டது. ஒருவன் நான். மற்றவர் மலர். ஜெர்மனியில் பதினைந்து வருடம் ஹோட்டல் சலவையில் நின்றுவிட்டு வட லண்டன் எட்மண்டனுக்கு வந்து சேர்ந்தவர். கை வேகம், வாய் அதைவிட வேகம். அவர் என்னை அண்ணை, அண்ணை என்று கூப்பிட்டதைக் கேட்டு, முழு அணியும் அதுதான் என் பெயர் என்று எடுத்துக்கொண்டது. இருபத்தைந்து அமெரிக்கருக்கு நான் அண்ணை.

வெள்ளிக்கிழமை பயிற்சிக்கு ஒரு வாளி நிறையப் பந்து வந்தது. பார்த்தேன், எல்லாம் அழுக்கு. வெள்ளைத் தோலில் மண்ணிறப் படலம். நாங்கள் கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று வளர்ந்தவர்கள். அதற்கு மேல் நான் கிரிக்கெட்காரன். பந்து மினுங்கினால்தான் எனக்கு நிம்மதி. ஈரத் துணி எடுத்து உட்கார்ந்தேன். மலரும் வந்து உட்கார்ந்தார். ஒரு மணித்தியாலத்தில் வாளி முழுக்க முட்டை போல வெள்ளைப் பந்து.

அப்போது உள்ளே வந்தவர்தான் அந்த நாற்பது வயதுக்காரர். பந்தெறிபவர், அதுவும் இடக்கையால் எறிகிறவர். இடக்கையர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாளியைப் பார்த்தார். ஒரு பந்தை எடுத்தார். அது அவருடைய விரலிலிருந்து சவர்க்காரம் போல வழுக்கி விழுந்தது. என்னைப் பார்த்தார், மலரைப் பார்த்தார், எங்கள் கையிலிருந்த துணியைப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்.

புதுப் பந்து வழுக்கும் என்பதற்காக அவர்கள் ஆற்றுச் சேற்றை எடுத்து ஒவ்வொரு பந்திலும் கையால் தேய்ப்பார்களாம். அந்தச் சேறு ஒரு டின்னில் கடல் கடந்து வந்திருக்கிறது. அதைத்தான் நாங்கள் ஒரு மணித்தியாலம் பாடுபட்டுத் துடைத்திருக்கிறோம்.

“அண்ணை,” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இருபது வருசமா இந்த ஆட்டத்திலை நிக்கிறன். பந்தைக் குளிக்க வாத்த ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்.”

அவர் யாரிடமும் சொல்லவில்லை. சேற்று டின்னைக் கொண்டுவந்து, எங்கள் நடுவில் ஒரு கதிரையைப் போட்டு, எத்தனை பந்து இருந்ததோ அத்தனைக்கும் மூன்று பேருமாகத் திரும்பச் சேறு பூசினோம். அந்த நேரத்தில்தான் தன் கதையைச் சொன்னார். பெரிய நட்சத்திரம் இல்லை. பத்து அணிக்கு மேல் மாறியவர். பெட்டியைப் பிரித்து அடுக்கி முடிப்பதற்குள் அடுத்த ஊர். மகளுக்குப் பதினொரு வயது. ஏழு பள்ளிக்கூடம் பார்த்துவிட்டாள்.

“எப்ப நிப்பாட்டப் போறீங்கள்?” மலர்தான் கேட்டார். அவருக்குக் கூச்சம் கிடையாது.

“எங்கடை ஆட்டத்திலை நிப்பாட்டுறது நாங்களில்லை,” என்றார் இடக்கையர். “நூறு பேரிலை ஒருத்தனுக்குப் பூ மாலை. மிச்சப் பேருக்கு ஆராவது வந்து, போதும் எண்டு தோளிலை தட்டுவினம். அதுக்கு முதலே பைக்குத் தெரிஞ்சிடும். வீரனுக்குத் தெரியிறதுக்கு முதல் பைக்குத் தெரியும்.”

அந்த வசனத்தை அன்றைக்கே ரெயில் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதி வைத்தேன். நல்ல வசனம் கேட்டால் எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு. இரண்டு நாளில் அது என் தலையில் வந்து விடியும் என்று தெரியாது. அவர் தந்த சேறு பூசிய பந்து இன்றைக்கும் எட்மண்டனில் என் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. ‘துடைக்கக் கூடாது’ என்று பக்கத்தில் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறேன். வீட்டுக்காரிக்காக.

ஞாயிறு காலை. ஆட்டம் மத்தியானம். ஆட்டம் முடிந்ததும் அணி நேராக விமான நிலையம் போகிறது. அவர்கள் வழக்கத்தில் வீரர்களின் பயணப் பைகளைக் கட்டி லொறியில் ஏற்றுவது அறை ஆட்களின் வேலை. பயண அலுவலர் காலையில் ஒரு லிஸ்ட் தந்தார்: பை இலக்கம், எதிரே பெயர். எனக்கு எதையும் முன்கூட்டிச் செய்துவிட வேண்டும். வீரர்கள் வருவதற்கு முன்னமே லிஸ்டைப் பார்த்துப் பார்த்து, வெறும் பைகளை ஒவ்வொருவர் அலுமாரிக்கு முன்னாலும் வாயைத் திறந்து வைத்தேன். வந்து உடுப்பை நேராக அதற்குள் எறியலாமே. லிஸ்ட் முடிந்தது. முதுகை நிமிர்த்திக்கொண்டு, வேலை முடிந்தது என்று தேத்தண்ணீர் போடப் போனேன்.

பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். நான் லிஸ்டில் இருந்ததைப் பார்த்தேன். லிஸ்டில் இல்லாததைப் பார்க்கவில்லை.

தேத்தண்ணீர் கோப்பையோடு திரும்பியபோது பயண அலுவலர் ஓடி வந்து காதுக்குள் சொன்னார்: சாமான் அறையில் ஒரு பை மிச்சம் கிடக்கும், அதைத் தொட வேண்டாம், நாளைக்குத் தனியாகப் போகும். ஆளை அணி விடுவித்துவிட்டது, ஆட்டம் முடிந்த பிறகு மனேஜர் அவரிடம் சொல்வார். அதுவரை மூச்சு விடக் கூடாது. பேஸ்போலில் தலைமைப் பயிற்சியாளரைத்தான் மனேஜர் என்பார்கள்.

நான் அறையைப் பார்த்தேன். வரிசையாக எல்லா அலுமாரிக்கு முன்னாலும் வாயைத் திறந்தபடி பைகள். ஓர் அலுமாரிக்கு முன்னால் மட்டும் வெறும் தரை. விழுந்த பல்லின் இடம் போல.

பைகளைத் திரும்ப எடுத்துவிடலாம் என்று பாய்ந்தேன். வீரர்கள் உள்ளே வரத் தொடங்கிவிட்டார்கள். மலர் ஒரு பார்வையில் விஷயத்தைப் பிடித்துவிட்டார்.

“அண்ணை, அந்தப் பையையும் கொண்டுபோய் முன்னாலை வையுங்கோ. முடிஞ்சுது அலுவல்.”

“அது பொய்யல்லோ, மலர்?”

“பை என்ன வாய் திறந்து பேசுதே? பின்னேரம் மட்டும்தானே. வையுங்கோ.”

சாமான் அறைக்குப் போனேன். பையின் பிடியில் கையையும் வைத்துவிட்டேன். சுலபமான வழி. யாருக்கும் தெரியாது, யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். அந்தப் பிடியில் கை வைத்ததும்தான் அந்த வேகப்பந்துக்காரரின் குதிக்கால் ஞாபகம் வந்தது. ‘ஒரு பிழையும் இல்லை’ என்பதை வாயால் சொன்னால் என்ன, பையால் சொன்னால் என்ன. கையை எடுத்தேன். துவாய்க் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால், இடக்கையர் தன் அலுமாரிக்கு முன்னால் நிற்கிறார். வலப்பக்கத்துப் பையைப் பார்க்கிறார். இடப்பக்கத்துப் பையைப் பார்க்கிறார். தன் காலடியைப் பார்க்கிறார். பிறகு மெதுவாக என்னிடம் வந்து, மனைவியும் மகளும் இன்றைக்கு ஆட்டத்துக்கு வரவில்லை என்று வேறு எதையோ பேசுகிறவர் போலத் தொடங்கி, அந்தக் கேள்வியில் வந்து முடித்தார்.

“என்ரை பை உங்கடை லிஸ்டிலை இருக்கோ அண்ணை, இல்லையோ?”

நான் சொன்னது இது:

“லிஸ்டைப் பற்றிக் கதைக்க எனக்கு அனுமதியில்லைத் தம்பி. கொஞ்சம் இருங்கோ. காய்ஞ்ச துவாய் எடுத்துக்கொண்டு வாறன்.”

என் கூடை நிறையக் காய்ந்த துவாய் இருந்தது. அவர் அதைப் பார்த்தார்.

துவாய் உலர்த்துகிற அறை இடப்பக்கம். நான் வலப்பக்கம் திரும்பினேன். மலர் பின்னாலேயே வந்தார். “உங்களுக்கென்ன விசரே? அது மனேஜற்றை அறை. நாலு நாள் வேலைக்கு வந்த எங்களுக்கு ஏன் இந்த வம்பு?”

“துவாய் குடுக்கப் போறன்.”

“ஓம், ஓம். துவாயாலை கழுத்தை நெரிப்பினம். போங்கோ.”

மனேஜர் பெரிய உடம்புக்காரர். சூரியகாந்தி விதையைக் கடித்துக் கடித்துக் கோதைக் கடதாசிக் கோப்பையில் துப்பிக்கொண்டிருந்தார்.

“என்ன, துவாய்க்காரர்?”

“ஐயா, ஒரு பை குறையுது.”

“குறையேல்லை. லிஸ்டிலை உள்ளபடிதான்.”

“அது எனக்குத் தெரியும். இப்ப அவருக்கும் அரைவாசி தெரியும். பிழை என்ரை. வெறும் பையளை நான்தான் முந்திக்கொண்டு வைச்சன்.”

கடிப்பது நின்றது. “அவன் உம்மைக் கேட்டவனோ? நீர் என்ன சொன்னீர்?”

“காய்ஞ்ச துவாய் எடுக்கப் போறன் எண்டு சொன்னன்.”

“அப்ப போய் எடுக்கிறதுதானே.”

“எடுத்திட்டன் ஐயா. ஆனால் திரும்பிப் போக எவ்வளவு நேரம் எடுக்க வேணும் எண்டது உங்கடை கையிலை கிடக்கு.”

அவர் கடதாசிக் கோப்பையை மேசையில் வைத்தார். “உமக்கு இந்த ஆட்டம் தெரியாது. இப்ப சொன்னால் அவனுக்குக் கை நடுங்கும். பிறகு சொன்னால் எறிஞ்சு முடிச்சிருப்பான். ஒரு மட்ச்சை நான் அப்பிடிப் பறிகுடுக்க ஏலாது.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் எதிர்த்து வாதாடவில்லை. வேகப்பந்துக்காரரின் கதையை நாலு வரியில் சொன்னேன். குதிக்கால், முழங்கால் எல்லாம். “இவரின்ரை மனுசியும் மகளும் ஆத்திலை படகு பாக்கப் போயிருக்கினம் ஐயா. இன்னும் எத்தினையோ மட்ச் கிடக்குது எண்டு இவர்தான் அனுப்பினவராம்.”

மனேஜர் விதைப் பொட்டலத்தை மடித்தார். திரும்பப் பிரித்தார். மடித்தார்.

“நான் ஆடின காலத்திலை, என்ரை பையை நான் ஹோட்டல் வாசலிலைதான் கண்டனான்,” என்றார், என்னிடம் இல்லாமல் பொட்டலத்திடம். “வடிவாக் கட்டி வைச்சிருந்தது. ஆர் கட்டினது எண்டு இண்டைவரைக்கும் தெரியாது.” பிறகு நிமிர்ந்தார். “அவனை வரச் சொல்லும்.”

கதவு மூடியது. வெளியே நானும் மலரும் ஒரே துவாயை நாலு தரம் மடித்தோம். கால் மணித்தியாலம் போனது. “தோய்ச்ச துவாயிலை ரெண்டு வகைதான் அண்ணை,” என்றார் மலர், குரலைத் தாழ்த்தி. “வேர்வை துடைச்சது, கண் துடைச்சது. மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது.” அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

இடக்கையர் வெளியே வந்தார். முகம் கழுவிய மாதிரி இருந்தது. யாரையும் பார்க்காமல் போனை எடுத்தார்.

“படகை விடு. மகளையும் கூட்டிக்கொண்டு இங்கை வா. இல்லை, ஒண்டும் ஆகேல்லை. வா, சொல்லுறன்.”

பிறகு அறையின் நடுவில் போய் நின்று, கையைத் தட்டி எல்லோரையும் பார்க்க வைத்தார். தோளில் தட்டப்பட்டவர், சேதி பரவுமுன் முந்திக்கொண்டு தன் வாயாலேயே சொன்னார்: “பொடியள், இண்டையோடை நான் நிப்பாட்டுறன்.”

அறையின் தொங்கலில், கடைசி அலுமாரிப் பக்கமிருந்து ஒருவன்தான் முதலில் வாய் திறந்தான். “கடவுளே, நன்றி. இனி அந்தச் சப்பாத்து மணம் இல்லை!” ஒரு ஈரத் துவாய் பறந்து வந்து இடக்கையரின் முகத்தில் விழுந்தது. அதற்குப் பிறகு எல்லோரும் எழும்பிவிட்டார்கள். கட்டிப்பிடிக்கிறார்கள், முதுகில் அடிக்கிறார்கள், ஒருவன் அழுகிறான், அழுகிறவனை இன்னொருவன் நக்கல் பண்ணுகிறான். இடக்கையர் என் பக்கம் பார்க்கவே இல்லை. அது நல்லது. பார்த்திருந்தால் நான் என்ன முகத்தை வைத்துக்கொள்வது?

இனித் தாய்க்கும் மகளுக்கும் வருவோம். ஞாயிற்றுக்கிழமை, பாதை திருத்த வேலை, பாதி ரெயில் ஓடவில்லை. அவர்கள் ஆற்றின் எந்த முனையில் நின்றார்களோ, அங்கிருந்து ஒரு ரெயில், பிறகு ரெயிலுக்குப் பதிலாக விட்ட பஸ், அதற்குப் பிறகு நடை. மலர் நுழைவுச் சீட்டுகளோடு வாசலில் போய் நின்றார். ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் எனக்குப் போன்.

“இன்னும் காணேல்லை அண்ணை. ஞாயித்துக்கிழமை லண்டன் ரெயிலை நம்பி ஒரு மனுசன் ரிட்டயர் பண்ணலாமோ?”

அறை ஆட்கள் ஆட்டத்தை வெளியே போய்ப் பார்க்க மாட்டோம். உள்ளே சுவரில் ஒரு சின்னத் தொலைக்காட்சி. கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், அணி சமநிலையில் நிற்கும்போது, இடக்கையரை இறக்கினார்கள். அந்த நேரம் பார்த்து மலரின் போன்.

“கண்டிட்டன்! ஓடுறம், ஓடுறம்!”

போனுக்குள் மூச்சும் சப்பாத்துச் சத்தமும் மட்டும்.

முதல் ஆளுக்கு நாலு பந்து எறிந்தார். நாலும் விலகிப் போயின. மனேஜர் சொன்னது சரி. கை நடுங்கியது, தொலைக்காட்சியிலேயே தெரிந்தது. நாலு பந்து விலகினால் அடிக்கிறவர் அடிக்காமலே நடந்துபோய் இடம் பிடித்துக்கொள்ளலாம். அவர் நடந்து போனார். துவாய்க்காரனுக்கு ஏன் இந்த வேலை என்று நானே என்னைத் திட்டிக்கொண்டேன்.

இடக்கையர் பந்தை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். வெள்ளிக்கிழமை எங்களோடு இருந்து தேய்த்தாரே, அதே மாதிரி, ஆறுதலாக. பிறகு நிமிர்ந்து ஆட்கள் இருக்கிற பக்கம் பார்த்தார். எங்கேயோ ஓரிடத்தில் பார்வை நின்றது. என் போனுக்குள் மலர் கத்தினார்: “இருந்திட்டம் அண்ணை! பிள்ளை கை காட்டுறாள்!”

இரண்டாவது ஆள் ஓங்கி அடித்தான். பந்து நிலத்தில் உருண்டு நேரே அவரிடம் வந்தது. குனிந்து எடுத்தார், திரும்பினார், எறிந்தார். அவுட். பெரிய சாகசமில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் செய்கிற அவுட். ஆனால் மனேஜர் தானே நடந்து நடுவுக்கு வந்து பந்தை வாங்கிக்கொண்டார். முழு அணியும் எழும்பி நின்றது. ஏன் நிற்கிறார்கள் என்று தெரியாத லண்டன் சனமும் எழும்பி நின்றது. இடக்கையர் தொப்பியைக் கழற்றி, மேலே, அந்த ஓரிடத்தைப் பார்த்துக் காட்டினார்.

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். நாலு பந்தில் நடந்து போனானே முதல் ஆள், அவன்தான் பிறகு ஓடி வந்து அந்த ஒரு ஓட்டத்தை எடுத்தான். ஒரு ஓட்டத்தில் அணி தோற்றது. மனேஜர் உள்ளே வந்ததும் நேரே என்னிடம் வந்தார்.

“துவாய்க்காரர், உம்மாலை எனக்கு ஒரு மட்ச் போச்சு.”

அவர் என் கையைப் பிடித்து விரித்து, ஒரு பிடி சூரியகாந்தி விதையைக் கொட்டிவிட்டுப் போனார். நல்ல தீர்மானத்துக்குச் செலவே இருக்காது என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செலவு யாருடையது, அதை அவர் தாங்குவாரா என்று பார்த்துத்தான் கதவைத் தட்ட வேண்டும். நான் தட்டியது, தாங்கக்கூடியவரின் கதவை.

பின்னேரம் பைகள் எல்லாம் கட்டி வாசலில் வரிசையாக நின்றன. சாமான் அறையிலிருந்து அந்தக் கடைசிப் பையை நான் எடுத்து வந்து இடக்கையரின் அலுமாரிக்கு முன்னால் வைத்தேன். கட்டப் போனேன். “அதை விடுங்கோ அண்ணை” என்று, தானே முழங்காலில் இருந்து அடுக்கினார். கையுறை, சப்பாத்து, சேற்று டின், ஒவ்வொன்றாக. மகள் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தாள். அலுமாரிக்கு மேலிருந்த பெயர்த் துண்டை அவளே கழற்றித் தன் பொக்கற்றில் வைத்துக்கொண்டாள். பையின் சிப்பை இழுத்து மூடிவிட்டு அவர் எழும்பினார். காலையில் கேட்ட அதே இடத்தில் நின்றுகொண்டு, இந்தத் தரம் கண்ணில் சிரிப்போடு கேட்டார்:

“இப்ப என்ரை பை லிஸ்டிலை இருக்கோ அண்ணை, இல்லையோ?”

பொக்கற்றிலிருந்து லிஸ்டை எடுத்து, விரித்து, பேனாவோடு அவரிடம் நீட்டினேன். நாள் முழுக்க என் நெஞ்சில் கிடந்து வேர்வையில் நனைந்த கடதாசி. அதைச் சுவரில் வைத்து உள்ளங்கையால் நீவிவிட்டார். எல்லாப் பெயருக்கும் கீழே, இடக்கையால், ஆறுதலாக, தன் பெயரைத் தானே எழுதினார். எதிரே ஒரு சரி போட்டார். பிறகு நான் பையைத் தூக்கக் குனிந்தபோது என் கையை மெல்லத் தட்டிவிட்டு, ஒரு வாரை மகளிடம் கொடுத்து, மறு வாரைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, லொறி நின்ற இடத்துக்கு நடந்தார்.